தொடர்பியல் மையம்: ஸ்டுடியோவுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை

ஒரு பல்கலைக்கழகம், வானொலி, தொலைக்காட்சி போன்ற ஊடகங்களைக் கற்பித்து ஆராயும் தொடர்பியல் மையம் ஒன்றைத் தொடங்கப்போகிறது என்றால், அதன் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தைப் படிக்காமலேயே சொல்லிவிடலாம். ஆய்வு, பயிற்சி, பொதுச் சேவை என்ற மூன்று சொற்களும் அதில் இருக்கும். நான்காம் பக்கத்தில் ஸ்டுடியோவின் வரைபடம் வந்துவிடும். நடுவில் இருக்கும் இரண்டு பக்கங்களில்தான் விஷயமே இருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் ஒன்றும் இருக்காது.

ஐந்தாறு வருடம் கழித்து அந்த மையத்துக்குப் போய்ப் பாருங்கள். பயிற்சி நன்றாக நடந்துகொண்டிருக்கும். மாணவர் சேர்க்கை, கட்டணம், தேர்வு என்று அதற்கு ஒரு சக்கரம் இருக்கிறது. யாரும் தள்ளாமலே உருளும். ஆய்வு, இரண்டு மூன்று பேராசிரியர்களின் சொந்த ஆர்வமாகச் சுருங்கியிருக்கும். பொதுச் சேவை ஆண்டறிக்கையில் ஒரு புகைப்படமாக மிஞ்சியிருக்கும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்துவிட்டால் தானாகக் கலந்துவிடும் என்று நம்பினார்கள், அவ்வளவுதான். அப்படிக் கலப்பதில்லை. ஏன் கலப்பதில்லை, எங்கெல்லாம் கலந்தது என்று பார்த்தால் அந்த நடுப்பக்கங்களில் என்ன எழுத வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகும்.

மூன்றும் ஒரே நாளில் வரவில்லை

இந்த மூன்று சொற்களும் தொடர்பியலில் பிறந்தவை அல்ல, வேளாண்மையிலிருந்து வந்தவை. அமெரிக்காவில் 1862-இல் வந்த மாரில் சட்டம், அரசு நிலத்தை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு வழி செய்தது. கல்லூரிகள் வந்தன. வகுப்பில் சொல்லிக்கொடுக்க உறுதியான வேளாண் அறிவியல்தான் அப்போது போதவில்லை. 1887-இல் ஹேட்ச் சட்டம் வந்து, அந்தக் கல்லூரிகளோடு ஆய்வு நிலையங்களைச் சேர்த்தது. கண்டுபிடித்தவை வளாகத்துக்குள்ளேயே தங்கிவிடக் கூடாதே என்று 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. ஆய்வில் கண்டதை விவசாயியிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணி என்று இன்று நாம் சொல்வதற்கு அங்கே அதுதான் அடித்தளம்.

முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 52 வருடம். ஒவ்வொன்றும் தனி நிதியோடு வந்தது. விரிவாக்க அலுவலர் என்று ஒருவர் மாவட்டத்திலேயே குடியிருந்தார். வகுப்பு எடுத்தது போக மிச்ச நேரத்தில் பேராசிரியர் ஊர்ப்பக்கம் போய்வருவார் என்று யாரும் கணக்குப் போடவில்லை. இன்றைய மையங்கள் இந்த மூன்று சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் பின்னால் இருந்த மூன்று பண வழிகளை விட்டுவிட்டன.

அதே மரபில் வந்ததுதான் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்தின் பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அதன் தலைவர் சார்லஸ் வான் ஹைஸ் 1904-இல் பேசினார். அங்கே இயற்பியல் பேராசிரியர் ஏர்ல் டெர்ரி 9எக்ஸ்எம் என்ற சோதனை வானொலி நிலையத்தை நடத்திவந்தார். அதற்கு வேண்டிய வெற்றிடக் குழாய்களை அவரும் மாணவர்களும் தாங்களே செய்துகொண்டார்கள். நிலையம் அனுப்பியது பெரும்பாலும் வானிலை அறிவிப்பு. முதலில் மோர்ஸ் குறியீட்டில், பிறகு மனிதக் குரலில். 1922-இல் நிலையத்தின் பெயர் டபிள்யூஎச்ஏ ஆயிற்று.

கண்ணாடியை ஊதி அந்தக் குழாய்களைச் செய்வது ஆய்வு, அதை மாணவன் கற்றுக்கொள்வது பயிற்சி, நாளைக்குப் பனி விழுமா என்று விவசாயிக்குத் தெரிவது சேவை. மூன்றும் ஒரே வேலைக்குள் இருந்தன. இதற்குத் தனித்தனி இயக்குநர்களோ ஒருங்கிணைப்புக் குழுவோ தேவைப்படவில்லை. பிற்காலத்தில் பெரிய கட்டடங்களோடு வந்த பல மையங்களுக்கு இது வாய்க்கவில்லை.

இரண்டு மாதிரிகள், இரண்டு விலை

பயிற்சியையும் சேவையையும் ஒன்றாகக் கட்டியதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகம். 1908-இல் இதழியல் பள்ளி தொடங்கியபோதே மாணவர்கள் ஊருக்கு ஒரு நாளிதழும் போட ஆரம்பித்தார்கள். 1953-இல் அந்தப் பல்கலைக்கழகம் கேஓஎம்யூ என்ற தொலைக்காட்சி நிலையத்தைத் தொடங்கியது. விளம்பரம் வாங்கி நடத்தப்படும் வணிக நிலையம் அது. என்பிசி என்ற தேசியத் தொலைக்காட்சி வலையமைப்பைச் சேர்ந்தது. மாணவர் எடுக்கும் செய்தி அன்று மாலையே வீடுகளில் ஓடும். தப்பாகச் சொன்னால் மதிப்பெண் குறைவதோடு முடியாது, ஊரே போன் பண்ணும். எந்த வகுப்பறையாலும் இந்தப் பயத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தினமும் நேரத்துக்குச் செய்தி போட வேண்டிய இடத்தில், 'நாம் போடுவது யாருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது' என்று நின்று யோசிக்க நேரம் கிடைப்பது கஷ்டம்.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் இருந்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். 1937-இல் ராக்பெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்கிய வானொலி ஆய்வுத் திட்டம், கொலம்பியாவுக்கு இடம் மாறி, 1944-இல் பயன்முறைச் சமூக ஆய்வு நிலையம் ஆனது. நடத்தியவர் சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட். அவரும் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனத்தின் ஃபிராங்க் ஸ்டான்டனும் சேர்ந்து செய்த ஒரு கருவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வானொலி நிகழ்ச்சி கேட்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையில் இரண்டு பொத்தான்கள். பிடித்தால் பச்சையை அழுத்த வேண்டும், பிடிக்காவிட்டால் சிவப்பு, இரண்டும் இல்லையென்றால் சும்மா இருக்கலாம். எந்த நொடியில் யார் எதை அழுத்தினார் என்பது ஓடும் காகிதத்தில் கோடாகப் பதியும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இந்த இடத்தில் ஏன் சிவப்பு?' என்று பேட்டி எடுப்பார்கள்.

1941 நவம்பரில் லாசர்ஸ்ஃபெல்ட், சமூகவியல் கோட்பாட்டாளர் ராபர்ட் மெர்ட்டனை இரவு விருந்துக்கு அழைத்துவிட்டு, திடீரென்று வந்த வேலையால் விருந்தை விட்டுவிட்டு அவரையும் இந்தச் சோதனை நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். பேட்டி எடுத்தவர் கேட்ட கேள்விகளில் மெர்ட்டனுக்குக் குறை தெரிந்தது. துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார். லாசர்ஸ்ஃபெல்ட் விடவில்லை; அடுத்த குழுவை நீங்களே பேட்டி எடுங்கள் என்று உட்கார வைத்துவிட்டார். குழுவாக உட்காரவைத்து ஆழமாகக் கேட்கும் முறைக்கு அந்த இரவு ஒரு தொடக்கம். விளம்பர உலகம் இன்றுவரை அதன் பலனை அனுபவிக்கிறது. மையம் திட்டமிடுகிறவர்கள் இதில் கவனிக்க வேண்டியது, கோட்பாட்டுக்காரர் ஒருவர் வேலை நடக்கும் அறைக்குள் தற்செயலாக நுழைந்ததைத்தான். அப்படி நுழைய வாய்ப்பில்லாத கட்டடத்தில் இது நடந்திருக்காது.

சரி, கொலம்பியா கொடுத்த விலை என்ன? நிலையம் ஒப்பந்தப் பணத்தில் ஓடியது. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் சுமார் 800 பெண்களிடம் 1945-இல் எடுத்த புகழ்பெற்ற ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு பத்திரிகை நிறுவனம். ஊடகம் நேராக மக்களை ஆட்டிவைப்பதில்லை, நடுவில் அக்கம்பக்கத்துச் செல்வாக்குள்ளவர்கள் இருக்கிறார்கள் என்ற கருத்து அந்த ஆய்வில்தான் விரிவாகச் சோதிக்கப்பட்டது. புத்தகமாக வந்தது 1955-இல். பத்து வருடம்! பணம் கொடுத்தவருக்கு வேண்டியது அடுத்த வருட விளம்பரத்துக்கான தகவல். அறிவுலகுக்கு வேண்டியது பத்து வருடம் கழித்து வந்தது. இந்த இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் ஓடுகிற மாதங்களுக்கு யாரும் பணம் தருவதில்லை. 1977-இல் அந்த நிலையம் மூடப்பட்டது.

மூன்றையும் நிர்வாகரீதியாகவே ஒன்றாக்கிப் பார்த்தவர் வில்பர் ஷ்ராம். 1947-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகப் பதிப்பகமும் அவர் பொறுப்பில் இருந்தது. 1949-இல் கணிதவியலாளர் கிளாட் ஷானனின் தகவல் கோட்பாடு வாரன் வீவரின் கட்டுரையோடு புத்தகமாக வந்தது அந்தப் பதிப்பகத்திலிருந்துதான். கல்வி வானொலிக்காரர்களை அதே ஆண்டு ஆலர்ட்டன் மாளிகையில் கூட்டிப் பேசவைத்ததும் அவர்தான். அவர் 1955-இல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். ஒருவரின் கைக்குள் எல்லாம் இருக்கும்வரை ஒருங்கிணைப்பு சுலபம். அவர் போன மறுநாள் என்ன ஆகும் என்பதைத் திட்ட அறிக்கையில் எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலான அறிக்கைகளில் அந்தப் பத்தியே இருக்காது.

ஒரு கேள்வி, மூன்று வேலை

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: மையத்தைத் துறைகளாகப் பிரித்துத் திட்டமிடுவதைவிட, கேள்விகளாகப் பிரித்துத் திட்டமிடுவது நல்லது. இதற்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம் 1956-இல் புணே வட்டாரத்தில் நடந்த பண்ணை வானொலி மன்றம்.

யோசனை கனடாவிலிருந்து வந்தது. அங்கே 1941 முதல் விவசாயிகள் அக்கம்பக்கத்து வீட்டில் கூடி வானொலி கேட்டு விவாதிக்கும் வழக்கம் இருந்தது. யுனெஸ்கோ உதவியோடு அகில இந்திய வானொலி அதைச் சுமார் 150 கிராமங்களில் செய்துபார்த்தது. வாரத்துக்கு இரண்டு, பத்து வாரம், மொத்தம் 20 நிகழ்ச்சிகள். ஒவ்வொரு ஊரிலும் சுமார் 20 பேர் சேர்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்ததும் பேசுவார்கள். பேசியதையும் எழுந்த கேள்விகளையும் ஒருவர் எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்புவார். பதில் பின்னால் வரும் நிகழ்ச்சியில் வரும்.

இதுவரை இது சேவை. மதிப்பீட்டை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எடுத்துக்கொண்டது. பொறுப்பேற்றவர் சமூகவியலாளர் பால் நியூராத். மன்றம் உள்ள ஊர்களை மட்டும் பார்த்து 'நல்ல பலன்' என்று எழுதிவிட்டுப் போகவில்லை. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்கள், வானொலியே இல்லாத ஊர்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிகழ்ச்சிக்கு முன்பும் பின்பும் மக்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். மன்றம் உள்ள ஊர்களில் அறிவு வெகுவாகக் கூடியிருந்தது. வெறும் வானொலி மட்டும் இருந்த ஊர்களில் கூடியது கொஞ்சம்தான். ஆக, கற்றுக்கொடுத்தது பெட்டி அல்ல. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த பேச்சு.

இதற்கு முன்பே அமெரிக்காவின் அயோவாவில் சமூகவியலாளர்கள் ரயனும் கிராஸும் 1943-இல் வெளியிட்ட கலப்பின மக்காச்சோள ஆய்வு கிட்டத்தட்ட இதையே வேறு கோணத்தில் சொல்லியிருந்தது. புது விதை இருக்கிறது என்ற செய்தியை விற்பனையாளர் முதலில் கொண்டுவந்தார். போடலாம் என்று முடிவெடுக்க வைத்தவர் பக்கத்து வயல்காரர். அவர்கள் கணக்கெடுத்த 259 விவசாயிகளில் இரண்டு பேர் தவிர எல்லோரும் 1941-க்குள் மாறியிருந்தார்கள்.

இப்போது திட்ட மேசைக்கு வருவோம். புணே மாதிரி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால், யார் என்ன செய்வது என்பது தானாகப் பிரியும். மாணவர்கள் நிகழ்ச்சி தயாரிக்கிறார்கள், மன்றத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். ஆய்வாளர்கள் ஒப்பீட்டு ஊர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மக்களுக்கு ஒரு நிகழ்ச்சியும் கேள்விக்குப் பதிலும் கிடைக்கிறது. எந்த ஒன்று விட்டுப்போனாலும் மற்ற இரண்டும் உடனே முடங்கும். இந்தப் பிணைப்பு இருந்தால், நிதி குறையும் வருடத்தில் சேவையை மட்டும் கத்தரிப்பது கஷ்டமாகிவிடும்.

கட்டடத்துக்குள் நடக்கும் சண்டைகள்

ஒரு பதிவுக் கூடம், மூன்று பேர் கேட்கிறார்கள். மாணவர்களுக்கு நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. சமூக நிகழ்ச்சிக்கு வந்திருப்பவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். இன்னொரு நாள் வரமாட்டார்கள். மூன்றாவது, பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி: பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு வீடியோ வேண்டுமாம், அவசரம். யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் சந்தேகம் வராது.

மையம் வந்ததும் பல்கலைக்கழக நிர்வாகம் அதைத் தன் மக்கள் தொடர்பு அலுவலகமாக நினைக்கத் தொடங்குவது கிட்டத்தட்ட இயற்கை விதி மாதிரி நடக்கும். விழா வீடியோ, வரவேற்புப் பலகை, துணைவேந்தரின் உரைப்பதிவு. ஒவ்வொன்றும் சின்ன வேலைதான், மறுக்கவும் முடியாது. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தொழில்நுட்பப் பணியாளரின் நேரத்தில் பெரும்பகுதி அங்கே போயிருக்கும். அதைச் 'சேவை' என்று கணக்கில் எழுதிவிடுவார்கள் என்பதுதான் இன்னும் மோசம். பொதுச் சேவையில் 'பொது' யார் என்பதை விதிமுறையிலேயே எழுதிவைக்க வேண்டும்: பல்கலைக்கழகச் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். விழா வேலைகளுக்கு மக்கள் தொடர்புப் பிரிவு தனிப் பணம் கட்டட்டும். பணம் கட்ட வேண்டும் என்றதும் பாதி அவசரம் காணாமல் போய்விடும்.

அடுத்து ஆட்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளரும் ஒலிப்பொறியாளரும் ஆசிரியர்களா, அலுவலகப் பணியாளர்களா? இதைத் தள்ளிப்போட்ட இடங்களில் நல்லவர்கள் மூன்றே வருடத்தில் வெளியேறுகிறார்கள். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் எண்ணினால், வாராவாரம் நிகழ்ச்சி செய்கிறவர் என்றைக்கும் மேலே போக முடியாது. எதை எண்ணுகிறோமோ அதுதான் வளரும். எண்ணுவதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ரிச்சர்ட் ஹோகார்ட் 1964-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம், பண்பாட்டு ஆய்வு என்ற அறிவுத்துறையையே உலகுக்குக் கொடுத்தது. அதன் வாரிசாக இருந்த துறையை, பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்கு நடந்த 2001 ஆய்வுத் தரமதிப்பீட்டில் எதிர்பார்த்த மதிப்பெண் வராததற்குப் பின், பல்கலைக்கழகம் 2002-இல் மூடியது. மாணவர்கள் எதிர்த்தார்கள், பலனில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கருவி வாங்க நிதி தருகிறவர்கள் அதைப் பழுதுபார்க்கத் தருவதில்லை. ஆகையால் வாங்கும்போதே பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் கொஞ்சம் குறைவாக வாங்க வேண்டும்.

அதிகம் பேசப்படாத சிக்கல் வேறு ஒன்று இருக்கிறது. ஆய்வாளர் ஒரு பெண்ணிடம் பேட்டி எடுக்கிறார். 'உங்கள் பெயர் எங்கும் வராது' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பக்கத்து அறையில் உள்ள தயாரிப்பாளர் அந்தப் பதிவைக் கேட்கிறார். அருமையான குரல், அருமையான கதை. நிகழ்ச்சியில் போடலாமே என்கிறார். மாணவர் ஒருவர் அதை வகுப்புப் பயிற்சிக்காக வெட்டி ஒட்டி, நண்பர்களுக்குக் காட்டுகிறார். மூவருமே தங்கள் தொழிலின்படி சரியாகத்தான் நடக்கிறார்கள். ஆய்வுக்குப் பெயரை மறைப்பது நெறி. செய்திக்குப் பெயரைச் சொல்வது நெறி. இரண்டும் ஒரே வராந்தாவில் இருக்கும்போது ஒப்புதல் படிவம் ஒன்று போதாது. ஆய்வுக்கு ஒன்று, ஒலிபரப்புக்கு ஒன்று, வகுப்பில் பயன்படுத்த ஒன்று என்று தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். பேசியவர் பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். ஒலிப்பதிவை இயந்திரமே எழுத்தாக்கிவிடும் இந்தக் காலத்தில், அந்தக் கோப்பு எந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

கூடவே காப்பகம். காந்த நாடா நாளடைவில் பிசுபிசுத்துப்போகும். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் கிடைக்காது. கணினிக் கோப்புகளுக்கும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஹார்டு டிஸ்க் இருக்கும், உள்ளே 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று பெயர் இருக்கும், யார் பேசினார் எங்கே எப்போது என்பது இருக்காது. பதிவு எடுத்த அன்றே ஒரு பக்கக் குறிப்பு எழுதாமல் கேமராவைத் திருப்பி வாங்கிக்கொள்ளக் கூடாது என்று ஒரு விதி போட்டால் போதும், பாதி பிரச்சினை தீரும். அந்த விதியைக் காப்பாற்ற ஒரு கண்டிப்பான ஸ்டோர்கீப்பர் வேண்டும், அவ்வளவே.

யார் நிறுத்தலாம்?

பொதுச் சேவை உண்மையிலேயே நடந்தால் என்றைக்காவது ஒருநாள் யாருக்காவது பிடிக்காத நிகழ்ச்சி ஒன்று வரும். தண்ணீர் மாசு பற்றி மாணவர்கள் செய்த நிகழ்ச்சி, பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை தரும் ஆலையைத் தொடலாம். அன்று அதை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? பதில் எழுதப்படாவிட்டால், போன் எடுக்கும் கடைசி ஆள்தான் முடிவெடுப்பார். அவர் நிச்சயம் நிறுத்திவிடுவார். ஒலிபரப்புக்கு முன் நிறுத்த, காரணத்தை எழுத்தில் தரும் ஒரு சின்னக் குழு வேண்டும். வெளியாள் ஒருவராவது அதில் இருக்க வேண்டும். ஒலிபரப்பான பின் வரும் புகாருக்கு வேறு வழி. இது ஒரு பக்கத்தில் முடியும் ஆவணம். மையம் தொடங்கும் முன் எழுதினால் எல்லோரும் பெருந்தன்மையாகக் கையெழுத்துப் போடுவார்கள். முதல் சண்டை வந்த பிறகு யாரும் போடமாட்டார்கள்.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? முதல் வருடம் கட்டடம் வேண்டாம் என்பேன். இருக்கும் அறைகளில் ஒன்று, கையில் தூக்கிப்போகக்கூடிய ஒலிப்பதிவுக் கருவிகள், உள்ளூர் நிலையத்தில் வாரத்துக்கு அரை மணி நேரம், ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியை வெளியாட்களிடம் கேட்டு எடுக்க வேண்டும். அந்த வருடத்தில் எது தடைபட்டது, எந்தக் கருவி தூங்கியது, எந்த வேலைக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதற்கப்புறம் வரைபடம் போட்டால், எடிட்டிங் அறைக்கும் ஆய்வாளர் அறைக்கும் நடுவே எத்தனை கதவு வேண்டும் என்று அந்த ஆட்களே சொல்வார்கள்.

முதல் வருடத்திலிருந்தே ஒரு பதிவேடும் வேண்டும். கருவியை, அறையை, பணியாளரின் மணி நேரத்தை யார் எதற்கு எடுத்தார் என்று நாலே பத்தி: மாணவர், ஆய்வு, வெளியார், நிர்வாகம். மூன்றாம் வருட நிதிக் கூட்டத்துக்குப் போகும்போது ஆண்டறிக்கையின் வண்ணப் படங்களோடு இந்தப் பதிவேட்டையும் எடுத்துப்போகலாம். நாலாவது பத்தி மற்ற மூன்றைவிட நீளமாக இருந்தால், கேட்க வேண்டியது புது ஸ்டுடியோ அல்ல.